கணிப்பொறிக்குள் இரண்டு கடிகாரங்கள்



கொல்கத்தா மாநகருக்கெனத் தனி நேரம் ஒன்று இருந்ததை இங்கு குடியேறி வாழும் நம்மவரில் பலர் அறியமாட்டார்கள். 1906-ஆம் ஆண்டில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதற்கு 23 நிமிடம் 20 விநாடி முந்திய தன் நேரத்தை இந்நகரம் 1948 வரையில் விட்டுவிடவில்லை. ஓர் ஊருக்கு இரண்டு நேரம்!

1955-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வாயிலாகக் கணிப்பொறியும் இந்நகருக்கு வந்து சேர்ந்தது. இன்று நம் மேசைமீதுள்ள கணிப்பொறியிலும் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, பொறி உறங்கினாலும் சிறு மின்கலத்தால் ஓடுவது. மற்றொன்று, பொறி விழித்ததும் முன்னதைப் பார்த்துத் தொடங்கி, பிறகு தானே எண்ணிக்கொண்டு செல்வது.

லினக்ஸ் இயக்க முறையின் முற்காலப் பதிப்புகளில் இந்த இரண்டாம் கடிகாரம் பின்தங்குவதுண்டு. அதிலும், திரையில் வரிகள் வேகமாக ஓடும்போதே பின்தங்கும். காரணம் என்ன?

விநாடிக்கு 100 முறை ஒரு சில்லு குறிப்பொலிபோல் சைகை தரும். அதை எண்ணியே நேரம் கணிக்கப்பட்டது. திரை படமுறையில் இயங்கினால் எழுத்தைப் புள்ளி புள்ளியாகத் தீட்ட வேண்டும். ஒரு வரி மேலே நகர, சுமார் 15 லட்சம் பைட் அளவுள்ள படம் முழுவதையும் நகர்த்த நேரலாம். அவ்வேளையில் சைகைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருக்கும். வாயிலில் ஒரு சைகைதான் காத்து நிற்க இயலும். அடுத்து வருவது வீணாகும். நெற்களத்தில் எண்ணிக்கொண்டிருப்பவர் முகம் திருப்பினால், அளந்து கொட்டிய மரக்கால் கணக்கில் ஏறாதன்றோ? அதுபோலத்தான் இதுவும். ஆகவே கடிகாரம் பின்தங்குமேயன்றி, இக்காரணத்தால் முந்தாது.

நோயை அறிவது எளிது. நீண்ட பட்டியலைத் திரையில் ஓடவிட்டு, இரு கடிகாரங்களையும் ஒப்பிட வேண்டும். பின்பு அதே பட்டியலைத் திரைக்கு அனுப்பாமல் கோப்பில் எழுதச் செய்து, மீண்டும் ஒப்பிட வேண்டும். முதன்முறை மட்டும் வேறுபாடு தோன்றினால் குற்றம் திரையினுடையது. படமுறையை விடுத்து வெறும் எழுத்துமுறைத் திரைக்கு மாறுவதே அந்நாளைய மருந்து. 2006-ஆம் ஆண்டளவில் அடிப்படையே திருத்தப்பட்டது. சைகைகளை எண்ணுவதை விடுத்து, இடையறாது ஓடும் எண்ணியைப் படித்து நேரம் அறியலாயிற்று. சைகை ஒன்று தவறினாலும் இன்று நேரம் தவறுவதில்லை. பழம்பொறிகளை வைத்திருப்போர் மட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

சில விநாடிகளுக்கு இத்தனை பேச்சா என்று எண்ணற்க. குளிர்சாதன வகுப்பில் ஊருக்குச் செல்லத் தத்கால் பதிவு முதல்நாள் காலை 10 மணிக்குத் திறக்கிறது. நம் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால், நாம் கை வைக்குமுன் சீட்டு தீர்ந்திருக்கக்கூடும். அலுவலகங்களிலோ, எந்தச் செயல் முந்தியது என்பதற்குக் கணிப்பொறியின் நேரக்குறிப்பே சான்று. தேசியப் பௌதிக ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு தம் பொறிகளை இணைக்குமாறு நிறுவனங்களுக்கு 2022-இல் அரசு பணித்ததும் இக்கருத்துப் பற்றியே. அவ்விணைப்பை வீட்டிலும் அமைத்துக்கொள்வோமாக.