கர்ப்பிணியின் ரத்தமும் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘நார்மலும்’



ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். என்.எஸ்.1 சோதனையில் டெங்கு உறுதியாகிறது. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டதும் வீட்டார் முகத்தில் நிம்மதி. ரிப்போர்ட்டில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. 39 சதவீதம். பக்கத்தில் அச்சடித்த நார்மல் அளவு 36 முதல் 46 வரை. எனவே கவலையில்லை என்று தோன்றும்.

ஆனால், அந்த அளவு கர்ப்பமில்லாத பெண்ணுக்கானது. கர்ப்பகாலத்தில் பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. ரத்தம் நீர்த்துப்போகிறது. போன மாதப் பரிசோதனையில் இதே தாய்க்கு பி.சி.வி. 32 இருந்திருந்தால், இன்றைய 39 என்பது 20 சதவீதத்துக்கும் மேலான ஏற்றம். ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது. டெங்குவில் காய்ச்சல் விடும் வேளைதான் கசிவு தொடங்கும் வேளை.

வெள்ளையணுக்களும் இப்படித்தான் ஏமாற்றும். கர்ப்பத்தில் அவை 10,000-ஐத் தாண்டுவது சாதாரணம். டெங்கு அவற்றைக் குறைக்கும். 5,000 என்று வந்தால் தாளில் அது நார்மல். அந்தத் தாய்க்கோ பாதியாகக் குறைந்த கணக்கு. பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே இது தெரியும்.

தட்டணுக்களில் சிக்கல் இன்னும் பெரிது. நூறு கர்ப்பிணிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு எந்த நோயும் இல்லாமலே தட்டணுக்கள் சற்றுக் குறையும். 1982-இல் லூயி வைன்ஸ்டீன் பெயரிட்ட ‘ஹெல்ப்’ என்ற கர்ப்பகால நோயிலும் தட்டணு சரியும், கல்லீரல் நொதிகள் ஏறும். டெங்குவிலும் அதேதான். ஆனால் சிகிச்சை எதிரெதிர்த் திசை. ‘ஹெல்ப்’ என்றால் பெரும்பாலும் பிரசவத்தை முடிக்க வேண்டும். டெங்குவின் ஆபத்தான நாட்களில் தவிர்க்க முடிந்த அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் வழிகாட்டும். ஸ்லைடில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று பொறுமையாகத் தேடும் ஆய்வகத் தொழில்நுட்பரின் பங்கும் இங்கே மிகப் பெரியது. அவர் சொல்லும் ஒரு வரி, அறுவை அரங்குக்குப் போவதா வேண்டாமா என்பதையே மாற்றலாம்.

ரத்த மாதிரியைப் பத்திரப்படுத்துவதும் ஆய்வகத்தின் பங்குதான். டெல்லியில் 1955-56-இல் யமுனைக் குடிநீரில் கழிவுநீர் கலந்தது. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். அன்றைய மருத்துவம் அதை ஹெபடைட்டிஸ் ஏ என்றே எண்ணியது. ஆனால் சிலருடைய ரத்த மாதிரிகளை யாரோ பொறுப்பாகச் சேமித்து வைத்திருந்தார்கள். 1980-இல் அவற்றை மறுபடி சோதித்தபோது அது ஏ அல்ல, பி-யும் அல்ல என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் ஹெபடைட்டிஸ் ஈ. கால் நூற்றாண்டு கழித்துப் பதில் கிடைத்ததென்றால், குழாயில் லேபிள் ஒட்டிய அந்தக் கைகளுக்கும் அதில் பங்குண்டு.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால், சில கொள்ளைநோய்களில் ஐவரில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். அங்கேயும் ரத்தம் முன்கூட்டியே சொல்கிறது. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கர்ப்பத்தில் இயல்பாகக் கூடுவதில்லை. உறைவிக்கும் புரதங்கள் பலவும் அப்போது அதிகம். ஆகவே காமாலையோடு வரும் கர்ப்பிணிக்கு ஐ.என்.ஆர். 1.5 என்று வந்தால், ‘கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்று காலை ரவுண்ட்ஸ் வரை அந்தத் தாளை மேசையில் வைத்திருக்கக் கூடாது. அந்த இரவே வார்டுக்குப் போன் போக வேண்டும்.