ஆவாகனம்

குடமுழுக்கு அழைப்பிதழ்களில் 'ஆவாகனம்' என்னும் சொல் தவறாது இடம்பெறும். படிப்போர் பலர் 'அழைத்தல்' என்று பொருள்கொண்டு மேற்செல்வர். அது பிழையன்று, ஆயினும் போதாது.

வாயாற் கூவியழைத்தலுக்கு வடமொழியில் 'ஆஹ்வானம்' என்று தனிச்சொல் உண்டு. ஆவாகனம் அதனின் வேறு. 'வஹ்' என்னும் வினையடிக்குச் சுமத்தல், கொணர்தல் என்பன பொருள். இடப வாகனம், மயில் வாகனம் என்று மக்கள் வழங்கும் 'வாகனம்' அவ்வடியிற் பிறந்ததே. 'ஆ' என்னும் முன்னொட்டு 'இவ்விடம் நோக்கி' என்னும் குறிப்புடையது. ஆகவே, இங்கே எழுந்தருளச் செய்தல் என்பதே சொல்லின் கருத்து.

மந்திரத்தோடு கையும் இதற்கு வேண்டும். சிவாசாரியார் இரு கைகளையும் அகங்கை மேல்நோக்கச் சேர்த்துப் பெருவிரல்களை மோதிரவிரல்களின் அடியிற் பொருத்துவார். இது ஆவாகன முத்திரை. அக்கைகளையே கீழ்நோக்கித் திருப்பினால் தாபன முத்திரை, வந்தருளியவரை இருத்துவது. ஏவலாளனை அழைப்போர் ஒரு கையால், ஏன், ஒரு விரலாலும் அழைப்பர். பெரியோரை அவ்வாறு அழைத்தல் தகாதென்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இங்கோ இரு கைகளும் ஏந்தி நிற்கின்றன. அது பெறுவோன் கை, ஏவுவோன் கையன்று.

எங்கும் நிறைந்தவனைக் கைகாட்டி அழைப்பதெங்ஙனம் என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. இறைவன் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்வதில்லை. எங்குமுள்ளவன் அன்பர்க்கு எதிர்முகமாக விளங்குதலையே ஆவாகனம் என்பர் ஆகமங் கற்றோர். நிலையாகப் பிரதிட்டை செய்யப்பெற்ற திருவுருவுக்குப் பூசைதோறும் ஆவாகனமும் விடைகொடுத்தலும் வேண்டா என்று ஸ்ரீமத் பாகவதம் 11-ஆம் கந்தத்து 27-ஆம் அத்தியாயம் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

பின்னர்க் குடமுழுக்கில் அழைப்பு எதற்கு? திருப்பணி தொடங்குமுன் மூலவரின் அருட்கலையைக் கும்பத்தில் ஈர்த்துப் பாலாலயத்தில் வைத்து வழிபடுவர். கலாகர்ஷணம் என்பது அதுவே. அதன்பின்னரே சிற்பியர் உளியோடு கருவறைக்குட் புகலாம். மூலத்தானத்தில் பூசையில்லாத அந்நாள்களில், பழகிய கால்கள் அவ்வாயிலிற் சென்று நின்று வறிதே மீளும். அவ்வாறு மீண்டவர்க்கே இவ்வழைப்பின் அருமை தெரியும்.

நீரும் தருப்பைக் கூர்ச்சமும் மாவிலையும் தேங்காயும் அமைந்து, நூல் சுற்றிய கும்பங்கள் யாகசாலையில் வழிபடப்பெறுகின்றன. குறித்த நன்னேரத்தில் அவை தலைமேல் ஏறி விமானத்தை அடைகின்றன. கலசத்தில் நீர் சொரியும்போது கீழே நிற்போர் ஒரு துளியேனும் வேண்டி இரு கைகளையும் நீட்டுகின்றனர். யாரும் கற்பித்ததன்று, அக்கைகளும் மேல்நோக்கியே விரிகின்றன.