கயிறு கையில் இருக்கட்டும்!

‘வார இறுதியில் நாயோடு மலையேறி, கூடாரம் போட்டுத் தங்குவது அன்பா, அலட்சியமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கத்தில், ‘அன்பே’ என்ற அணியில் ஒலித்த உரை.



நாயோடு மலையேறியவர்களில் மூத்தவர் யார்? தருமர்! மகாபாரதத்தின் முடிவில் பாஞ்சாலியும் தம்பியரும் வழியிலேயே விழுந்துவிட, கடைசிவரை உடன் வந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறச் சொன்னான் இந்திரன். நம்பி வந்த உயிரை விட்டு வரும் சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். (கைதட்டல்)

‘நாயைக் காட்டுக்கு இழுத்துப் போவது கொடுமை’ என்றார் எதிரணி நண்பர். ஐயா, வாரம் முழுக்க வீட்டுவாசலில் சங்கிலியில் கட்டிப்போடுவது மட்டும் கருணையா? நாய் ஓடப் பிறந்தது. அழைத்துப் போவது அன்புதான். ஆனால் பொறுப்பில்லாத அன்பு நாயையே கொன்றுவிடும்.

தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. செங்குத்தான ஏற்றம். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் சூடு தணிக்கும் வழி. பினாங்கின் ஈரக்காற்றில் அதுவும் சரியாக நடக்காது. ஆகவே, எந்த மலையானாலும் விடியலில் கிளம்ப வேண்டும். அதற்கென்று தனியாகத் தண்ணீர் வேண்டும். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு. தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். உச்சியில் எடுக்க நினைத்த படம் போனால் போகட்டும்!

அடுத்து, எங்கே போவது? தெலுக் பாஹாங்கில் 2003-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரை இருக்கிறது. கடலாமைகள் அங்கே கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. மணலைத் தோண்டுவது நாய்க்கு விளையாட்டு. ஆமைக்கோ அது வம்சம். அங்கே நாயைக் கொண்டுபோகாமல் இருப்பதே அன்பு. பாலிக் பூலாவ் பக்கம் தெரிந்தவரின் பழத்தோட்டத்தில் அனுமதி கேட்டுக் கூடாரம் போடலாம். டுரியான் காலத்தில் மட்டும் மரத்தடி வேண்டாம்! (சிரிப்பு)

பாதையில் எதிரே வருபவர் முஸ்லிம் அன்பராக இருக்கலாம். நாயின் ஈர மூக்கு அவர்மேல் பட்டால், இங்கே பின்பற்றப்படும் சமய முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். கயிற்றை அவிழ்த்துவிட்டு, ‘பயப்படாதீங்க, கடிக்காது’ என்று தூரத்தில் நின்று குரல் கொடுத்தால் போதுமா? கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டால் மலையில் எல்லாருக்கும் இடமுண்டு.

நடுவர் அவர்களே, 2015-ஐ மறக்க முடியுமா? பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. விலங்கு ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனையும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத நோய் அது. ஆனால் தடுப்பூசியால் தடுத்துவிடலாம். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு உயிரை விட்ட நாய்கள் என்ன குற்றம் செய்தன? ஊசி போடாமல் வளர்த்ததும், வளர்த்தபின் தெருவில் விட்டதும் மனிதர்கள்தானே?

அந்தப் பொறுப்பை ஏற்பவர் தாராளமாக நாயோடு மலையேறலாம். தருமர் நாயை விடவில்லை. அவர் வழியில் போகிறவர் கயிற்றையும் விடக்கூடாது. சனிக்கிழமை கிளம்பிய அத்தனை உயிரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்ப வேண்டும். அதுதான் அன்பு என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறது இந்த அணி. (கைதட்டல்)