கணக்கில் வராத குடும்ப வன்முறை

(மும்பை மாதுங்காவில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

குடும்ப வன்முறை என்றதும் கணவன் மனைவியை அடிப்பதே நம் நினைவுக்கு வருகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஆயின் இணைந்து வாழும் இரு பெண்களிடையே, இரு ஆண்களிடையே நிகழும் வன்முறைக்கு இக்கணக்கில் இடமில்லை. கணக்கில் வராத துன்பத்திற்கு வரவு செலவுத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வன்முறையிலிருந்து வெளியேறுவதற்கு ஒரு விலை உண்டு. தாராவியில் ஒரு கோலியை வாடகைக்குப் பிடிக்க முன்பணம் வேண்டும். பணம் ஒருவருடையதாகவும் ஒப்பந்தம் மற்றவர் பெயரிலும் இருக்கலாம். பெற்றோரால் துரத்தப்பட்டு இந்நகருக்கு வந்தவருக்குத் திரும்பிச் செல்லப் பிறந்த வீடும் இல்லை. "உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல் ஒன்றே போதும். வேலையும் உறவும் போய்விடும் என்றஞ்சி அவர் அடியைப் பொறுத்துக்கொள்கிறார்.

சட்டம் என்ன செய்கிறது? பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஆணை, குடியிருப்பு உரிமை, பண நிவாரணம் ஆகியவற்றுக்கு வழிசெய்கிறது. எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகவே இருக்கவேண்டும் என்ற வரையறையை, மும்பையிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. அறுவை சிகிச்சை வாயிலாகப் பெண்ணாக மாறிய திருநங்கையும் இச்சட்டப்படி நிவாரணம் கோரலாம் என 2023 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. இவை வரவேற்கத்தக்கவை.

எனினும், 2018இல் தன்பாலுறவு குற்றமன்று என அறிவித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க மறுத்துவிட்டது. ஆகவே இரு பெண்களின் இணைவாழ்வு 'திருமணத்தை ஒத்த உறவு' ஆகுமா என்பதில் தெளிவில்லை. ஆணுக்கோ இச்சட்டத்தில் மனுதாரராக இடமேயில்லை. அடித்தவர் மீது காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். ஆனால் அப்புகார் அன்றிரவு தங்க இடம் தராது.

இதை வெளியில் பேசினால் ஏற்கெனவே பழிப்போருக்கு அது ஆயுதமாகுமே என இம்மக்களுள் சிலர் தயங்குவதுண்டு. அத்தயக்கம் நியாயமானதே. ஆயினும் மௌனத்தால் பயனடைபவர் அடிப்பவரே.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. ஆய்வுகளின் வினாக்கள் கணவரோடு நின்றுவிடலாகாது. காப்பகங்கள் தன்பாலீர்ப்பினருக்கும் திருநருக்கும் கதவு திறக்கவேண்டும். பாந்திரா பாபா மருத்துவமனையில் தொடங்கிய 'திலாசா' மையம் போன்றவற்றின் பணியாளர்கள், காயத்துடன் வருபவரிடம் "அடித்தவர் யார்?" என்று மட்டும் கேட்கப் பழகவேண்டும், "உன் கணவனா?" என்று கேட்டால் உண்மை வெளிவராது.

அன்பர்களே, அடுத்த கோலியில் அலறல் கேட்டால், அடிபடுபவர் யாருடைய மனைவி என்று விசாரித்த பின்னரா கதவைத் தட்டுவோம்?