மளிகைக் கடைக்குள்ளே ஒரு பாரசீகச் சாப்பாடு

இன்னைக்கு நாம பேசப்போறது கலிபோர்னியா, இர்வைனில் இருக்கும் ஹோல்சம் சாய்ஸ் பற்றி. மளிகைக் கடைதான், ஆனா உள்ளேயே சூடான சாப்பாட்டு கவுன்டர்களும் உண்டு. 1979 புரட்சியை ஒட்டி நிறைய ஈரானியர்கள் தெற்கு கலிபோர்னியாவுக்கு வந்தாங்க. அதனால அங்கே பாரசீக உணவு பலருக்கு அன்றாடச் சாப்பாடு.

புதுசா போறவங்க கபாப்தான் கேட்பாங்க. கொத்துக்கறியில் வெங்காயம் பிசைந்து கம்பியில் சுடும் கூபிதே அருமையா இருக்கும். ஆனா ஆறிட்டா கதை முடிஞ்சது. ட்ரேயில் காத்திருந்தாலும் கெடாத ருசி கோர்மே சப்ஸிக்குத்தான். கீரை, மூலிகைகளைப் பொடியா நறுக்கி வதக்கி, இறைச்சி, ராஜ்மா, உலர்ந்த எலுமிச்சை போட்டு மணிக்கணக்கா கொதிக்கவிடுற குழம்பு அது. நம்ம மீன்குழம்பு மாதிரி நேரம் ஆக ஆக ருசி கூடும்.

தஹ்திக் இருக்கான்னும் கேளுங்க. பானை அடியில் பொன்னிறமா, மொறுமொறுன்னு பிடிச்ச சோறு. நம்ம வீட்டில் சோறு அடிப்பிடிச்சா திட்டு விழும். அவங்க வீட்டில் அதுக்குத்தான் போட்டி. ஒரு பானைக்கு ஒரு அடிதானே, சீக்கிரம் தீர்ந்துடும். குடிக்க தூக்: புதினா போட்ட உப்பு மோர்.

அந்தக் கீரையை ஆய்ந்து நறுக்கவே அரைநாள் போயிடும். வேலை முடிஞ்சு தனியா வீடு திரும்புறவரால அது முடியாது. நினைச்சதும் ஊருக்குப் போக முடியாத ஒருத்தருக்கு, அந்த ஒரு டப்பா குழம்புதான் வீட்டுச் சாப்பாடு. அதனால எதை வாங்கலாம்னு வரிசையில் நிக்கிற ஈரானியப் பாட்டிகிட்ட கேளுங்க. மெனு கார்டைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.