அன்னதானமும் பயறும்

செந்தூல் வாழ் மெய்யன்பர்களே, கொடையாளர்களே!

நீரிழிவால் கால் விரலை இழந்தவர் என் தாயார். 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஆகவே, அன்னதானத்தில் சோற்றைச் சற்றுக் குறைத்துச் சுண்டலைக் கூட்டுமாறு வேண்டுகிறேன்.

பயற்றின் புரதமும் நார்ச்சத்தும் பசியைத் தணித்து, இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறாமல் காக்கின்றன. அரிசியில் குறைவான லைசின் பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது.

ஓர் எச்சரிக்கை. காச்சாங் மேராவில் உள்ள லெக்டின் என்னும் புரதம், சரியாக வேகாவிட்டால் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். இரவே ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் 30 நிமிடம் நன்கு கொதிக்க விடுங்கள்.

பசியாற்றும் கை, நோயையும் தடுக்கட்டும்.