கடலில் வென்றவர் கரையில் வீழ்ந்தார்!
(காத்திவாக்கத்தில் ஆற்றிய உரை)

 

எண்ணூர்த் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைத் தினமும் பார்க்கிறோம். கப்பற்படை உள்ளவனுக்கே கடல் சொந்தம் என்று இளைஞர்கள் நினைக்கலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை!

16ஆம் நூற்றாண்டில், எங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் மலபார்க் கடலில் எந்த மரக்கலமும் ஓடக் கூடாது என்றனர் போர்ச்சுகீசியர். கோழிக்கோடு சாமூதிரி மன்னரின் கடற்படைத் தளபதிகளான குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர், ஒருவர் பின் ஒருவராக அவர்களை எதிர்த்து நின்றார்கள். எந்தப் பலத்தில்? கடலில் மரைக்காயரின் விரைவுப் படகுகள். கரையில் மன்னரின் நாயர் படை. இரண்டும் சேர்ந்திருந்ததே பலம்!

நான்காம் குஞ்ஞாலிக்கும் மன்னருக்கும் பகை மூண்டது. போர்ச்சுகீசியர் மன்னரோடு கைகோத்தனர். வடகரைக்கு அருகே ஆற்று முகத்தில் இருந்த குஞ்ஞாலியின் கோட்டையை 1599இல் தாக்கித் தோற்றனர். காரணம், தரைப்படையும் கப்பற்படையும் ஒருசேர இயங்கவில்லை. 1600இல் அந்தத் தவறு நடக்கவில்லை. கடல் வாயைக் கப்பல்கள் அடைத்தன; கரைப்பக்கத்தை மன்னரின் படை வளைத்தது. கோட்டை பணிந்தது. உயிருக்கு உறுதி தந்த மன்னரிடம் குஞ்ஞாலி சரணடைந்தார். போர்ச்சுகீசியரோ அவரைப் பிடித்துச் சென்று கோவாவில் கொன்றனர்.

குஞ்ஞாலி தலையை இழந்தார். மன்னர் தன் கடற்கரத்தைத் தானே வெட்டிக்கொண்டார். லாபம் அந்நியனுக்கு!

இளைஞர்களே! கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரர் எந்தச் சமயத்தவராயினும் அவரோடு பகை மூளும்போது ஒரு கணம் நின்று கேளுங்கள்: இதில் லாபம் யாருக்கு?